கிரிக்கெட்டில் 'முதல்' என்ற சொல்: ஆண்டு நிறைவுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

சர்வதேசக் கிரிக்கெட்டின் இரண்டு ஆண்டு நிறைவுகள் ஐந்து மாத இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன. 2026 அக்டோபர் 31 அன்று, இந்திய மகளிர் அணி தனது முதல் டெஸ்ட் போட்டியில் களமிறங்கி 50 ஆண்டுகள் நிறைவடைகின்றன. 2027 மார்ச் மாதத்தில், மெல்பர்ன் நகரில் நடந்த முதல் டெஸ்ட் போட்டிக்கு 150 ஆண்டுகள் நிறைவடைகின்றன. இரண்டாவதற்கான விழா நெடுநாள் முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் அதே மெல்பர்ன் மைதானத்தில் 2027 மார்ச் 11 முதல் 15 வரை பகல்-இரவு டெஸ்ட் ஒன்றில் மோதும் என்று அறிவித்திருக்கிறார்கள். முதலாவதைப் பற்றி நம் மாணவர்கள் படிக்கும் பொது அறிவு நூல்களில் தேடினால் ஒரு வரி கிடைப்பதே அரிது.

ஏன் ஒன்று நினைவில் நிற்கிறது, மற்றொன்று நிற்பதில்லை? பெரும்பாலானோர் தரும் விடை, 'முதலில் நடந்ததுதான் நினைவில் நிற்கும்' என்பது. கிரிக்கெட்டின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த விடை நிற்காது. எது முதலில் நடந்தது என்பதை விட, எதை முதல் என்று எண்ண வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் செய்த முடிவுதான் பெரும்பாலும் நம் பட்டியல்களைத் தீர்மானித்திருக்கிறது. இக்கட்டுரை அந்த முடிவுகளை ஆராய்கிறது.

1877: உண்மையில் நடந்தது என்ன?

1877 மார்ச் 15 அன்று மெல்பர்ன் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. இங்கிலாந்தின் ஆல்பிரட் ஷா முதல் பந்தை வீச, ஆஸ்திரேலியாவின் சார்லஸ் பானர்மன் அதை எதிர்கொண்டார். அவர் 165 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது விரலில் காயம்பட்டு வெளியேறினார். அணியின் மொத்த ஓட்டங்கள் 245. இரண்டாவது இன்னிங்சில் ஆஸ்திரேலியாவின் டாம் கெண்டல் 55 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆஸ்திரேலியா 45 ஓட்டங்களில் வென்றது. இந்த எண்களில் எந்த ஐயமும் இல்லை.

ஆனால் ஆடியவர்கள் யார் என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தின் பெயரில் ஆடியது, ஜேம்ஸ் லில்லிவைட் என்ற பந்துவீச்சாளர் தம் சொந்தப் பொறுப்பில் திரட்டி அழைத்து வந்த தொழில்முறை வீரர்களின் சுற்றுப்பயண அணி. அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த மட்டையாளராகிய டபிள்யூ.ஜி. கிரேஸ் அதில் இல்லை. அணியின் விக்கெட் காப்பாளர் டெட் பூலியும் களத்தில் இல்லை. பந்தயப் பணம் தொடர்பான தகராறு ஒன்றால் அவர் நியூசிலாந்தில் காவலில் இருந்தார். எதிரணியிலும் முழு வலிமை இல்லை. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய இரு குடியேற்றப் பகுதிகளின் வீரர்கள் சேர்ந்த அணி அது. வேகப்பந்து வீச்சாளர் ஸ்போஃபோர்த், தம் நண்பர் மர்டாக்கை விக்கெட் காப்பாளராகச் சேர்க்கவில்லை என்பதற்காக ஆட மறுத்துவிட்டார். ஆஸ்திரேலியா என்ற ஒன்றுபட்ட நாடே 1901இல்தான் உருவானது. நூறு அடித்த பானர்மன் பிறந்ததும் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில்.

இவ்வளவையும் சொல்வது அந்த ஆட்டத்தின் பெருமையைக் குறைப்பதற்காக அன்று. ஆடியவர்களுக்குத் தாங்கள் 'முதல் டெஸ்ட்' ஆடுகிறோம் என்பது தெரியாது. அந்த உணர்வு பின்னால் ஏற்றப்பட்டது என்பதைக் காட்டுவதற்காகவே.

1877க்கு முன்னால்

சர்வதேசப் போட்டி என்ற பொருளில் எடுத்துக்கொண்டால் 1877 முதலாவதே அன்று. 1844 செப்டம்பரில் நியூயார்க் நகரில் அமெரிக்காவும் கனடாவும் மோதின. கனடா 23 ஓட்டங்களில் வென்றது. இரு நாடுகளின் பெயரால் நடந்த முதல் கிரிக்கெட் ஆட்டமாக இன்று ஏற்கப்படுவது இதுவே. மெல்பர்ன் ஆட்டத்துக்கு 33 ஆண்டுகள் மூத்தது.

ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற முதல் அணியும் 1877க்கு முந்தியதே. 1868இல் சென்ற அந்த அணியின் வீரர்கள் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள். பெரும்பாலோர் விக்டோரியாவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். 47 ஆட்டங்களில் 14 வெற்றி, 14 தோல்வி, 19 சமன் என்ற கணக்குடன் அவர்கள் திரும்பினர். அவர்களுள் ஒருவரான கிங் கோல் இங்கிலாந்திலேயே நோயுற்று இறந்தார். அணியின் சிறந்த ஆட்டக்காரர் ஜானி முல்லா. நெடுங்காலம் இந்தச் சுற்றுப்பயணம் கிரிக்கெட் வரலாற்றின் ஓர் ஓரக் குறிப்பாகவே இருந்தது. 2020 முதல் மெல்பர்னில் கிறிஸ்துமசுக்கு மறுநாள் தொடங்கும் டெஸ்ட்டின் ஆட்ட நாயகனுக்கு முல்லா பெயரிலான பதக்கம் வழங்கப்படுகிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்த நினைவு இது.

பட்டியல் போட்டவர் யார்?

1877 ஆட்டத்தை 'டெஸ்ட்' வரிசையில் முதலாவதாக வைத்தது எந்தக் கிரிக்கெட் வாரியமும் அன்று. அடிலெய்டு நகரப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் மூடி 1894இல் வெளியிட்ட பட்டியலே அதற்கு அடிப்படை. எந்தெந்த ஆட்டங்கள் இரு நாடுகளுக்கிடையிலான உண்மையான பலப்பரீட்சை என்று தமக்குத் தோன்றியதோ, அவற்றை அவர் வரிசைப்படுத்தினார். பிறர் அதை ஏற்றுக்கொண்டனர். காலப்போக்கில் ஒருவரின் தேர்வு எல்லோருக்குமான வரலாறாகிவிட்டது.

இப்படிப் பின்னாளில் தகுதி பெற்ற ஆட்டங்கள் வேறும் உண்டு. 1889 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில் ஓர் ஆங்கிலேயச் சுற்றுப்பயண அணி ஆடியது. அதன் தலைவர் ஆப்ரி ஸ்மித். ஆடும்போது அது டெஸ்ட் என்று அழைக்கப்படவில்லை. பின்னரே அந்தத் தகுதி வந்தது. ஆடிய ஒரே டெஸ்ட்டில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியவர் என்று ஏடுகள் இன்று அவரைக் குறிக்கின்றன. பிற்காலத்தில் அவர் ஹாலிவுட் நடிகராகப் புகழ்பெற்றார்.

தகுதி கொடுக்கப்படுவது போலவே பறிக்கப்படவும் செய்தது. 1970இல் நிறவெறிக் கொள்கைக்கு எதிரான போராட்டங்களால் தென்னாப்பிரிக்க அணியின் இங்கிலாந்துப் பயணம் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, கேரி சோபர்ஸ் தலைமையிலான உலக அணி இங்கிலாந்துடன் ஐந்து ஆட்டங்கள் ஆடியது. அவற்றை டெஸ்ட் என்று நம்பித்தான் வீரர்கள் களமிறங்கினர். கிளாமர்கன் அணியின் தொடக்க மட்டையாளர் ஆலன் ஜோன்ஸ், லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் 5, 0 என்று ஆட்டமிழந்தார். அதன்பின் அவருக்கு வாய்ப்பே வரவில்லை. சில ஆண்டுகளில் அந்த ஆட்டங்களின் டெஸ்ட் தகுதி நீக்கப்பட்டது. அதோடு அவர் இங்கிலாந்து வீரர் என்ற பெயரும் போயிற்று. முதல்தரப் போட்டிகளில் 36,000க்கு மேற்பட்ட ஓட்டங்கள் குவித்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர் என்றே ஏடுகள் அவரைக் குறித்தன. ஆனால் 2005இல் சிட்னி நகரில் ஆஸ்திரேலியாவும் உலக அணியும் ஆடிய ஆட்டத்துக்குச் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் டெஸ்ட் தகுதி அளித்தது. ஒரு நாட்டை எதிர்த்து உலக அணி ஆடுவது 1970இல் டெஸ்ட் இல்லை, 2005இல் டெஸ்ட்!

ஆலன் ஜோன்சின் கதைக்கு ஒரு நல்ல முடிவு உண்டு. அந்த ஆட்டத்தின் 50ஆம் ஆண்டு நிறைவில், 2020 ஜூன் மாதம், இங்கிலாந்து வாரியம் அவருக்கு 696ஆம் எண்ணுள்ள தொப்பியை வழங்கி, அவர் இங்கிலாந்து வீரர் என்பதை ஏற்றது. ஆண்டு நிறைவு என்பது மாலை மரியாதையோடு முடிந்துவிட வேண்டியதில்லை. பழைய கணக்கைத் திரும்பப் பார்க்கும் நாளாகவும் இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நூற்றாண்டு விழாக்கள் இரண்டு

1977 மார்ச் 12 முதல் 17 வரை மெல்பர்னில் நூற்றாண்டு டெஸ்ட் நடந்தது. இரு நாட்டு முன்னாள் வீரர்களும் பெருந்திரளாக அழைக்கப்பட்டனர். டென்னிஸ் லில்லி 11 விக்கெட்டுகளை எடுத்தார். இங்கிலாந்தின் டெரெக் ராண்டால் 174 ஓட்டங்கள் குவித்துப் போராடினார். 463 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி ஆடிய இங்கிலாந்து 417இல் ஆட்டமிழந்தது. ஆஸ்திரேலியாவின் வெற்றி 45 ஓட்டங்களில். நூறு ஆண்டுகளுக்கு முந்திய அதே வித்தியாசம். வினாடி வினாக்களில் இன்றும் தவறாமல் இடம்பெறும் செய்தி இது.

அதே நாள்களில் நடந்த வேறொன்று வினாடி வினாக்களில் வருவதில்லை. தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர், தமது தனித் தொடருக்காக முன்னணி வீரர்களை இரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. இரண்டே மாதங்களில், 1977 மே மாதம், செய்தி வெளிவந்தது. கிரிக்கெட் உலகம் இரண்டாகப் பிளந்தது. மைதானத்தை நிறைக்கும் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த ஊதியம் மிகக் குறைவு என்பது அந்தப் பிளவுக்கு ஒரு முக்கியக் காரணம். நூறு ஆண்டுப் பெருமையைக் கொண்டாடிய மேடையின் பின்னாலேயே, அந்த அமைப்பின் மீதான மனக்குறை கொதித்துக்கொண்டிருந்தது. 45 என்ற எண் மட்டும் நினைவில் நின்று இது மறக்கப்பட்டால், வரலாற்றில் பாதிதான் நமக்குக் கிடைக்கிறது.

இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட்டின் நூற்றாண்டு 1980இல் வந்தது. 1880இல் அந்த ஆட்டம் நடந்த இடம் ஓவல் மைதானம். கிரேஸ் 152 ஓட்டங்கள் எடுத்த ஆட்டம். நூற்றாண்டு விழாவோ லார்ட்ஸ் மைதானத்தில் நடத்தப்பட்டது. நிகழ்வு ஓரிடம், நினைவு வேறிடம்! மழையால் ஆட்டம் தடைப்பட, தாமதத்தால் பொறுமையிழந்த மைதானக் கழக உறுப்பினர்கள் சிலர் நடுவர்களிடமே கைகலப்பில் இறங்கிய அவலமும் அங்கே நேர்ந்தது.

மகளிர் முந்திய மைல்கற்கள்

இனி, முக்கியமான பகுதிக்கு வருவோம். கீழே உள்ள நான்கு செய்திகளை மாணவர்கள் தம் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, உலகக் கோப்பை. ஆண்களின் முதல் உலகக் கோப்பை 1975 ஜூன் மாதம் நடந்தது. மகளிரின் முதல் உலகக் கோப்பை 1973 ஜூன் 20 அன்றே இங்கிலாந்தில் தொடங்கிவிட்டது. ரேச்சல் ஹேஹோ பிளின்ட்டின் முயற்சியும், தொழிலதிபர் ஜாக் ஹேவர்டு அளித்த 40,000 பவுண்டும் அதைச் சாத்தியமாக்கின. ஏழு அணிகள் ஆடின. கடைசி ஆட்டத்தில் எனிட் பேக்வெல் 118 ஓட்டங்கள் எடுக்க, இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை 92 ஓட்டங்களில் வென்று கோப்பையைப் பெற்றது.

இரண்டு, இருபது ஓவர் சர்வதேசப் போட்டி. ஆண்களின் முதல் போட்டி 2005 பிப்ரவரி 17 அன்று ஆக்லாந்தில் நடந்தது. அதில் வீரர்கள் பழைய பாணி உடையும் மீசையுமாக வேடிக்கையாகவே களமிறங்கினர். மகளிரோ 2004 ஆகஸ்ட் 5 அன்றே இங்கிலாந்தின் ஹோவ் நகரில் அந்தப் போட்டியை ஆடி முடித்திருந்தனர். நியூசிலாந்து 9 ஓட்டங்களில் இங்கிலாந்தை வென்றது.

மூன்று, ஒருநாள் போட்டியின் முதல் இரட்டைச் சதம். 'சச்சின் டெண்டுல்கர், 2010 பிப்ரவரி 24, குவாலியர்' என்று பலரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அந்த ஆட்டமிழக்காத 200 மறக்க முடியாத ஆட்டம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால் ஆஸ்திரேலிய மகளிர் அணித் தலைவர் பெலிண்டா கிளார்க், 1997 டிசம்பர் 16 அன்று உலகக் கோப்பைப் போட்டியில் டென்மார்க்குக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 229 எடுத்தார். இடம் எது தெரியுமா? சச்சினின் சொந்த ஊராகிய மும்பை. அந்த நகரில் நடந்த சாதனை பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாட்டு மக்களுக்கே தெரியாமல் இருந்தது.

நான்கு, ஒரே டெஸ்ட்டில் சதமும் பத்து விக்கெட்டும். இயன் போத்தம் 1980 பிப்ரவரியில் பம்பாயில் 114 ஓட்டங்கள் எடுத்து 13 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அதுவும் ஓர் ஆண்டு விழா ஆட்டமே. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். முழுச் சூரிய கிரகணத்துக்காக இடையில் ஒருநாள் ஓய்வு விடப்பட்ட ஆட்டம். அந்தச் சாதனையை அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1958 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன் மெல்பர்னின் செயின்ட் கில்டா பகுதியில் செய்துவிட்டார். முதல் இன்னிங்சில் 7 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள், அதில் ஒரு ஹாட்ரிக். அடுத்துச் சரியாக 100 ஓட்டங்கள். பிறகு மேலும் 4 விக்கெட்டுகள்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மகளிர் கிரிக்கெட்டை 1958 முதல் தனி அமைப்பு நிர்வகித்தது. 2005இல்தான் அது சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலுடன் இணைந்தது. எனவே ஏடுகள் தனித்தனியே பேணப்பட்டன. இது உண்மை. தனித்தனிப் பட்டியல்கள் இருப்பதில் தவறும் இல்லை. தவறு எங்கே தொடங்குகிறது என்றால், ஒரு பட்டியலுக்கு மட்டும் 'மகளிர்' என்று அடைமொழி இட்டு, மற்றதை அடைமொழி இல்லாமல் 'கிரிக்கெட்' என்று எழுதும்போதுதான்.

டென்மார்க் வலிமை குறைந்த அணி என்பது இன்னொரு மறுப்பு. இதுவும் உண்மைதான். ஆனால் கிரேஸ் இல்லாத, விக்கெட் காப்பாளரும் இல்லாத அணிக்கு எதிராக எடுத்த பானர்மனின் 165 டெஸ்ட்டின் முதல் சதமாக 150 ஆண்டுகளாக நிற்கிறது. அதை யாரும் எதிரணியின் வலிமை கொண்டு நிறுத்துப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. ஒரு தராசை ஒருவருக்குத் தூக்கிவிட்டு மற்றவருக்கு மறைத்து வைப்பது முறையாகாது.

இந்தியாவின் இரு தொடக்கங்கள்

இந்திய ஆடவர் அணியின் முதல் டெஸ்ட் 1932 ஜூன் 25 அன்று லார்ட்சில் சி.கே. நாயுடு தலைமையில் தொடங்கியது. சரியாக 51 ஆண்டுகள் கழித்து, அதே ஜூன் 25 அன்று, அதே லார்ட்சில், கபில் தேவ் 1983 உலகக் கோப்பையை ஏந்தினார். அந்த நாளை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், தகும். ஆடவர் அணியின் முதல் டெஸ்ட் வெற்றிக்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் அது கிடைத்தது. வினு மன்காட் 12 விக்கெட்டுகளை வீழ்த்த, பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடிக்க, இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ஓட்டங்களில் இந்தியா வென்றது. இந்தியா ஆடிய 25ஆவது டெஸ்ட் அது.

மகளிர் அணியின் முதல் டெஸ்ட் 1976 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தொடங்கியது. தலைவர், சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமி. முதல் வெற்றிக்கு அவர்கள் இருபது ஆண்டுகள் காத்திருக்கவில்லை. அதே தொடரில், நவம்பர் மாதத்திலேயே, பாட்னாவில் அது வந்துவிட்டது. சாந்தா ரங்கசாமி 1977இல் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 108 ஓட்டங்கள் எடுத்து, டெஸ்ட் சதமடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அர்ஜுனா விருது பெற்ற முதல் கிரிக்கெட் வீராங்கனையும் அவரே. இந்திய வாரியம் மகளிர் கிரிக்கெட்டைத் தன் பொறுப்பில் ஏற்றது 2006இல். அதுவரை முப்பது ஆண்டுகள் வாரியத்தின் செல்வமும் விளம்பரமும் இல்லாமல்தான் அவர்கள் ஆடினார்கள்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கவுர் தலைமையிலான அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது, பலரும் அதை 1983உடன் ஒப்பிட்டனர். அந்த ஒப்பீடு புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அந்த வெற்றியின் வேர் 1983இல் இல்லை. 1976 பெங்களூரிலும் பாட்னாவிலும் இருக்கிறது. ஜூன் 25ஐ அறிந்த மாணவர் அக்டோபர் 31ஐயும் அறிந்திருந்தால், அவருக்கு இந்த ஒப்பீட்டின் குறை தானே விளங்கும்.

எழுதுவோருக்கும் படிப்போருக்கும்

ஆண்டு நிறைவுகளைக் கொண்டாட வேண்டாம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. எந்தப் பட்டியலுக்கும் ஓர் எல்லை தேவை. 1877ஐத் தொடக்கமாக வைத்துக்கொள்வதால் பல நன்மைகள் உண்டு. இனி அதை மாற்றினால் குழப்பமே மிஞ்சும். 2027இல் மெல்பர்னில் விழா நடக்கட்டும். அதைப் பற்றி எழுதுகிறவர்கள், 'பின்னாளில் முதல் டெஸ்ட்டாக ஏற்கப்பட்ட ஆட்டம்' என்று எழுதினால் போதும். ஐந்து சொற்களில் உண்மை முழுமையாகிவிடும்.

கட்டற்ற கலைக்களஞ்சியங்களில் எழுதும் தன்னார்வலர்களுக்கும், போட்டித் தேர்வு நூல்களைத் தொகுப்போருக்கும் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. 'முதல்' என்று எழுதும்போது எந்தப் பட்டியலில் முதல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சச்சினைப் பற்றிய பக்கத்தில் 'ஆடவர் ஒருநாள் போட்டிகளில்' என்ற மூன்று சொற்களைச் சேர்ப்பதால் அவர் புகழ் ஒரு துளியும் குறையாது. ஒரு தகுதி எப்போது, யாரால் வழங்கப்பட்டது என்பது தெரிந்தால் அதையும் குறியுங்கள். நிகழ்ந்த நாளோடு, நிகழ்ந்த இடத்தையும் ஆடியவர் பெயரையும் விடாமல் தாருங்கள். பெயர் இல்லாத சாதனை விரைவில் மறக்கப்படும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. 1976 பெங்களூர் டெஸ்ட்டில் இந்தியாவுக்காக ஆடிய பதினொரு பேரின் பெயர்களைத் தேடி எழுதிப் பாருங்கள். பிறகு 1983 இறுதிப் போட்டியில் ஆடிய பதினொரு பேரின் பெயர்களை எழுதுங்கள். இரண்டாவது பட்டியலைப் பலரால் புத்தகம் பார்க்காமலே எழுத முடியும். முதல் பட்டியலில் உள்ளவர்களைப் பற்றித் தமிழில் கட்டுரைகள் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால், 2026 அக்டோபர் 31ஐ முன்னிட்டு அவற்றை எழுதும் வேலையை நீங்களே தொடங்கலாம்.